நாங்கள் 'பாஸ் அவுட்' ஆன கதை

(பாடசாலை நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் சீனி வருத்தத்தைப் பற்றியோ பிரஷரைப் பற்றியோதான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அந்தச் சொல்லை எங்களுக்கு நினைவூட்டியது இந்தச் சங்கம்தான்.

நூற்றாண்டு மலருக்கு விபரம் திரட்டச் சங்கம் ஒரு படிவம் அனுப்பியிருந்தது. பெயர், முகவரி, தொழில் என்பவற்றுக்குக் கீழே 'பாஸ் அவுட் ஆன வருடம்' என்று ஒரு கட்டம். இங்கிலாந்தில் வசிக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி அதை நிரப்பிக்கொண்டிருந்தாள். அங்கேயே பிறந்து வளர்ந்த அவளுடைய மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "உம்மா, நீங்க மயங்கி விழுந்த வருசத்த ஏன் உங்கட ஸ்கூல் கேக்குது?" என்று கேட்டிருக்கிறாள். தோழி சிரித்துச் சிரித்து அதை எங்கள் வட்ஸ்அப் குழுமத்தில் குரல் பதிவாகப் போட்டாள். நாங்களும் சிரித்தோம். பிறகு யோசித்தோம். அந்தப் பிள்ளை கேட்டதில் பிழை இல்லை. எங்கள் படிவத்திலும் பிழை இல்லை. அப்படியானால் இடையில் நின்றது என்ன?

'பாஸ் அவுட்' என்ற இந்த இரண்டு சொல் கூட்டுக்கு ஆங்கிலத்தில் மூன்று பொருள்கள் பெருவழக்கில் இருக்கின்றன.

ஒன்று, பயிற்சியை முடித்து வெளியேறுவது. பிரித்தானியாவில் இது பெரும்பாலும் படையினருக்கும் பொலிஸாருக்கும் உரிய வழக்கு. பயிற்சி முடித்த வீரர்கள் அணிவகுத்துச் செல்லும் நிகழ்வுக்குப் 'பாசிங் அவுட் பரேட்' என்று பெயர். எங்கள் நாட்டிலும் தியத்தலாவை இராணுவக் கல்லூரியிலும் களுத்துறைப் பொலிஸ் கல்லூரியிலும் அது நடப்பதைச் செய்திகளில் பார்க்கிறோம். ஆனால் எங்களவர்கள் அந்தச் சொல்லைப் பரேட் மைதானத்தோடு நிறுத்தவில்லை. பாடசாலை, பல்கலைக்கழகம், தொழில்நுட்பக் கல்லூரி எல்லாவற்றுக்கும் கொண்டுவந்துவிட்டோம். இந்தியாவிலும் இதே கதைதான்.

இரண்டாவது, நினைவிழந்து விழுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து புழங்கிவரும் பொருள் இது. இன்று இலண்டனிலோ நியூயோர்க்கிலோ சிட்னியிலோ 'பாஸ் அவுட்' என்றால் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

மூன்றாவது, பகிர்ந்து கொடுப்பது. அமெரிக்க வகுப்பறையில் ஆசிரியை ஒரு மாணவியைக் கூப்பிட்டு, இந்தத் தாள்களைப் 'பாஸ் அவுட்' பண்ணு என்றால், எல்லோருக்கும் ஒவ்வொன்றாகக் கொடு என்று அர்த்தம்.

ஒரே சொல்லை வைத்து ஒருவர் பட்டம் பெறுகிறார், ஒருவர் தரையில் விழுகிறார், ஒருவர் தாள் கொடுக்கிறார். சொல்லுக்குள்ளே இதற்குப் பதில் இல்லை. யார், எங்கே, யாரிடம் சொன்னார் என்பதில்தான் இருக்கிறது.

ஒரு வினைச்சொல்லோடு 'அப்', 'அவுட்', 'ஓஃப்', 'இன்' போன்ற ஒரு குட்டிச் சொல் சேர்ந்து புதுப்பொருள் தரும் இந்த வகைக்கு ஆங்கிலத்தில் 'பிரேசல் வேர்ப்' என்று பெயர். இந்தப் பெயரைப் பரவச் செய்தவர் லோகன் பியர்சல் ஸ்மித் என்ற எழுத்தாளர். 1925 இல் வெளிவந்த அவருடைய நூலில் அது இருக்கிறது. அப்படிப் பார்த்தால் இந்தப் பெயருக்கும் எங்கள் பாடசாலைக்கும் ஏறத்தாழ ஒரே வயது. ஆனால் பெயர்தான் புதிது, தலையிடி பழையது. 1755 இல் ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜோன்சன், வேற்று மொழிக்காரருக்கு மிகுந்த சிரமம் தருவது இந்தக் கூட்டுவினைகள்தான் என்று தனது முன்னுரையில் குறிப்பிட்டிருக்கிறார். நாங்கள் பத்தாம் வகுப்பில் பட்ட பாட்டை அவர் முன்கூட்டியே அறிந்திருக்கிறார்!

எங்கள் ஆங்கில ஆசிரியை இதைப் படிப்பித்த நாள் நினைவிருக்கிறது. கரும்பலகையில் 'கிவ்' என்று எழுதி, அதன் கீழே 'கிவ் அப்', 'கிவ் இன்', 'கிவ் அவே' என்று வரிசையாக எழுதினார். நாங்கள் வழக்கம்போலப் பாடமாக்கத் தொடங்கினோம். அவர் நிறுத்தினார். "பாடமாக்கினா பரீட்சைக்கு மறுநாள் மறந்திருவீங்க. உங்கட தமிழப் பாருங்க" என்றார். பிறகு தமிழில் 'எடு' என்று எழுதினார். எடுத்துவிட்டாள், எடுத்துக்கொண்டாள், எடுத்துப்போட்டாள், எடுத்துவைத்தாள், எடுத்துத் தொலைத்தாள். செய்கை எல்லாவற்றிலும் எடுப்பதுதான். ஆனால் 'எடுத்துக்கொண்டாள்' என்றால் தனக்காக. 'எடுத்துவைத்தாள்' என்றால் பிறகு உதவும் என்று. 'எடுத்துத் தொலைத்தாள்' என்றால் சொல்பவருக்குக் கோபம். தமிழிலும் வினைக்குப் பின்னால் ஒரு குட்டி வினை ஒட்டிக்கொண்டு முழுப் பொருளையும் திருப்பிவிடுகிறது. இலக்கணத்தில் அதைத் துணைவினை என்கிறோம். 'கைவிடு' என்பதில் கையும் இல்லை, விடுவதும் இல்லை. அதுதான் 'கிவ் அப்' என்று அவர் விளக்கியபோது, கரும்பலகையில் இருந்த ஆங்கிலம் திடீரென்று எங்கள் ஊர்க்காரி ஆகிவிட்டது.

அந்தப் பாடம் எங்களை எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டது என்று சொல்லத்தான் இவ்வளவும் சொல்கிறோம்.

நாங்கள் எல்லோரும் தமிழ் மொழிமூலம் படித்தவர்கள். உயர்தரத்தில் உயிரியலும் இரசாயனவியலும் பௌதிகவியலும் தமிழில். மருத்துவ பீடத்துக்குள் காலடி வைத்த அன்றே எல்லாம் ஆங்கிலம். விரிவுரை ஆங்கிலம், பரீட்சை ஆங்கிலம், நோயாளியின் கட்டில் தலைமாட்டில் தொங்கும் துண்டில் எழுதுவதும் ஆங்கிலம். விசேட வைத்தியராக விரும்புவோர் பட்டப்பின் பயிற்சியின் ஒரு பகுதியாக வெளிநாட்டு வைத்தியசாலையிலும் கொஞ்சக் காலம் வேலை செய்ய வேண்டும். அங்கே போனபோதுதான் பாடப்புத்தக ஆங்கிலம் வேறு, வாட்டில் படுத்திருப்பவர் பேசும் ஆங்கிலம் வேறு என்று தெரிந்தது. நோயாளி 'வொமிட்' என்று சொல்லமாட்டார், 'த்ரோ அப்' என்பார். தாதி தொலைபேசியில் அழைத்து, அந்த நோயாளி 'கம் ரவுண்ட்' ஆகிவிட்டார் என்றார். வீட்டுக்கு வந்துபோவதற்கும் அதே சொல் என்பதால், யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டோம். அவருக்கு நினைவு திரும்பிவிட்டது என்பதுதான் செய்தி.

எங்கள் முறையும் வந்தது. முதல் வாரம் ஒரு மூத்த வைத்தியர் எங்களைப் பற்றி விசாரித்தார். 'பாஸ் அவுட்' ஆன பிறகு இரண்டு வருடம் கிராமப்புற வைத்தியசாலையில் வேலை செய்தோம் என்று பெருமையோடு சொன்னோம். அவர் ஒரு கணம் முகத்தைப் பார்த்துவிட்டு, இப்போது உடம்பு எப்படி என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

இந்த இடத்தில் தங்கச்சிமார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆங்கிலம் பிழையானது என்று வெட்கப்படத் தேவையில்லை. இலங்கை ஆங்கிலத்துக்கென்றே மைக்கல் மெய்லர் என்பவர் 2007 இல் ஓர் அகராதியைத் தொகுத்து வெளியிட்டார். ஒரு நாட்டு மக்கள் எல்லோரும் ஒரு சொல்லை ஒரே பொருளில் விளங்கிக்கொண்டால் அது அந்த நாட்டின் வழக்கு. ஆனால் ஊரைவிட்டுப் போகும்போது, எதிரில் நிற்பவருக்கு அது என்னவாகக் கேட்கும் என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது 'கிராஜுவேட்' என்று எழுதுங்கள். ஊருக்கு வந்தால் 'பாஸ் அவுட்' என்றே சொல்லுங்கள்.

சிரிப்பது இதுவரையில்தான். இனிச் சொல்லப்போவது எங்கள் தவறு ஒன்று.

ஆங்கிலத்தில் 'பாஸ் அவுட்' சிக்கல் என்று சிரித்தோம் அல்லவா? அதைவிடப் பெரிய சிக்கல் எங்கள் சொந்தத் தமிழில் இருந்தது. 'மயக்கம்' என்ற சொல்தான் அது. மயங்குதல் என்றால் பழந்தமிழில் கலத்தல். இரண்டு மெய்யெழுத்து அடுத்தடுத்து நின்றால் மெய்ம்மயக்கம் என்று படித்தோம். தொல்காப்பியத்தில் 'வேற்றுமை மயங்கியல்' என்று ஓர் இயலே இருக்கிறது. பகலும் இரவும் கலக்கும் நேரத்தை அந்தி மயங்கும் நேரம் என்கிறோம். கலத்தல் என்ற பொருள் கொண்ட அந்தச் சொல், வைத்தியசாலைக்கு வரும்போது உண்மையாகவே எல்லாவற்றையும் கலந்துகொண்டு வருகிறது. தலை சுற்றினாலும் மயக்கம். கண் இருட்டினாலும் மயக்கம். பசியில் உடம்பு சோர்ந்தாலும் மயக்கம். நினைவு முழுதாகப் போய் விழுந்தாலும் மயக்கம். சத்திரசிகிச்சைக்கு முன் கொடுப்பதும் மயக்க மருந்து.

நாங்கள் புதிய வைத்தியர்களாக, வேறொரு மாகாணத்தில் ஒரு வைத்தியசாலையில் பயிற்சியில் இருந்த காலம். எங்கள் கரையோரத்தைச் சேர்ந்த ஓர் உம்மா, அந்த நகரத்தில் தொழில் செய்யும் மகனோடு வந்து தங்கியிருந்தார். வயது அறுபதுக்குக் கிட்ட. "மயக்கம் வருது" என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். மகன் அதைச் சிங்களத்தில் 'ஒலுவ கரகெனவா' என்று சொன்னார். அதற்குத் தலை சுற்றுகிறது என்று பொருள். பரிசோதித்த வைத்தியர் அதை ஆங்கிலத்தில் 'கிடினெஸ்' என்று துண்டில் எழுதினார். தலைசுற்றுக்குக் குளிசை கொடுத்துத் துண்டு வெட்டி அனுப்பியாயிற்று. கொஞ்ச நாளில் திரும்பவும் வந்தார். பழைய துண்டைப் பார்த்து அதே சொல்லை அப்படியே பிரதி செய்து, அதே குளிசையைக் கூட்டிக் கொடுத்தவர்கள் நாங்கள். தமிழ் தெரிந்தவர்கள். அதுவும் அவருடைய ஊர்ப் பக்கத்துத் தமிழே தெரிந்தவர்கள். வேலை நெருக்கடி என்று சொல்லிக்கொண்டோம். அவரிடம் அவருடைய மொழியில் ஒரு கேள்வி கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்கவில்லை.

மூன்றாவது தடவை நெற்றியில் காயத்தோடு வந்தார். குசினியில் விழுந்திருக்கிறார். அப்போதுதான் கட்டிலில் பக்கத்தில் இருந்து கேட்டோம். "உம்மா, விழும்போது என்ன செய்தது உங்களுக்கு? தலை சுத்தினதா?"

அவர் சொன்னார்: "உழுந்தது எனக்குத் தெரியா மகள். எழும்பினதுதான் தெரியும்."

'பாஸ் அவுட்' என்பதற்கு நாங்கள் பார்த்த அகராதிகள் எதிலும் இவ்வளவு தெளிவான விளக்கம் இருக்கவில்லை. தலைசுற்று என்றால் உலகம் சுற்றுவது ஆளுக்குத் தெரியும். நினைவு போனால் இடையில் ஒன்றுமே தெரியாது. இரண்டுக்கும் நோய் வேறு, மருந்து வேறு, முடிவும் வேறு. நாடியைப் பிடித்தோம். நிமிடத்துக்கு நாற்பதுக்கும் குறைவு. ஈ.சீ.ஜீ. எடுத்தபோது, இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின் சைகை போகும் பாதை முற்றாகத் தடைப்பட்டிருந்தது தெரிந்தது. இதயம் இடையிடையே சில விநாடிகள் நின்று நின்று துடித்திருக்கிறது. நிற்கும்போது மூளைக்கு இரத்தம் போகாது, ஆள் விழுவார். திரும்பத் துடித்ததும் எழும்புவார். திரும்பத் துடிக்காத ஒரு நாளும் வரலாம்.

இது புதிய நோய் அல்ல. அயர்லாந்தின் டப்ளின் நகர வைத்தியர்களான ரொபர்ட் அடம்ஸ் 1827 இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1846 இலும் இதை எழுதிவைத்தார்கள். அவர்களிடம் ஈ.சீ.ஜீ. இயந்திரம் இருக்கவில்லை. நாடியைப் பிடித்தார்கள், நோயாளியிடம் கேட்டார்கள். அவர்கள் காலத்தில் மருந்துதான் இருக்கவில்லை. 1958 ஒக்டோபரில் சுவீடனில் ஆர்ன் லார்சன் என்பவருக்கு உலகிலேயே முதன்முதலாக உடம்புக்குள் 'பேஸ்மேக்கர்' பொருத்தப்பட்டது. முதற்கருவி சில மணி நேரம்தான் வேலை செய்தது. ஒன்று மாற்றி ஒன்றாக இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளோடு அவர் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். எங்கள் உம்மாவுக்கும் பெரிய வைத்தியசாலை ஒன்றுக்கு அனுப்பிப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். சில மாதம் கழித்துத் தொதல் ஒரு பெட்டியோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. அது எங்களுக்கு இன்னும் பாரமாக இருந்தது. ஒரு சொல்லை மூன்று மொழிக்குள் உருட்டி, கடைசியில் அதன் உயிரை வெளியே விட்டுவிட்டு, வெறும் கோதைத் துண்டில் எழுதியவர்கள் நாங்கள்.

அன்றிலிருந்து எங்களிடம் வந்து எவர் மயக்கம் என்று சொன்னாலும், அந்தச் சொல்லை நாங்கள் எழுதுவதில்லை. கேட்கிறோம். நீங்களும் வீட்டில் கேட்கலாம்.

முதல் கேள்வி: "விழுந்தது உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது என்றால் அது நினைவிழப்பு. அதோடு, பார்த்துக்கொண்டிருந்தவரையும் வைத்தியசாலைக்குக் கூட்டிவாருங்கள். விழுந்தவருக்குத் தெரியாததைச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

இரண்டாவது: "விழ முன்னம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" காலைக் கூட்டத்தில் வெயிலில் நின்ற பிள்ளை, சாப்பிடாமல் வந்த பிள்ளை, இரத்தத்தைப் பார்த்த பிள்ளை, முகம் வெளிறி வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்து விழுவது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. எங்களில் எத்தனை பேர் இந்த மைதானத்தில் அப்படி விழுந்திருப்போம்! சாதாரண தரம் எழுதுவதற்கு முன்பே 'பாஸ் அவுட்' ஆனவர்கள் நாங்கள். ஆனால் ஓடும்போது விழுந்தால், படுத்திருக்கும்போதோ இருக்கும்போதோ நினைவு போனால், ஒரு முன்னறிகுறியும் இல்லாமல் விழுந்தால், நெஞ்சு வலியோ படபடப்போ இருந்தால், குடும்பத்தில் இளவயதில் எவரும் திடீரென்று மௌத்தாகியிருந்தால், அதை 'வெறும் மயக்கம்' என்று விட்டுவிடாதீர்கள். அன்றே ஈ.சீ.ஜீ. ஒன்று எடுக்க வேண்டும். கர்ப்பிணி என்றாலும் தாமதிக்கக் கூடாது.

மூன்றாவது: "எழும்பின பிறகு எப்படி இருந்தீர்கள்?" சாதாரண மயக்கமென்றால் கிடத்தியதும் ஒரு நிமிடத்துக்குள் ஆள் தெளிந்துவிடுவார். நாக்கைக் கடித்திருந்தால், நெடுநேரம் ஆளையும் இடத்தையும் தெரியாமல் குழம்பினால், அது வலிப்பாக இருக்கலாம்.

விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள், கதிரையில் இருத்தாதீர்கள். தரையில் நேராகக் கிடத்தி, காலைச் சற்று உயர்த்துங்கள். சூழ்ந்து நிற்காதீர்கள். முழுதாக நினைவு வரும்வரை வாயில் தண்ணீரோ தேத்தண்ணியோ ஊற்றாதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. மூச்சு இருந்து நினைவு திரும்பாவிட்டால் ஒரு பக்கமாகச் சரித்துவிட்டு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கேளுங்கள்.

எங்கள் ஊருக்கென்று இன்னொன்று. றமழான் மாதத்தில் அஸருக்குப் பிறகு வரும் மயக்கம் பலவேளை நோன்பின் சோர்வு அல்ல. சீனி வருத்தத்துக்கு ஊசியோ குளிசையோ எடுக்கும் எங்கள் உம்மாமாருக்கும் மூத்தம்மாமாருக்கும் இரத்தத்தில் சீனி இறங்குவதால் வருவது அது. வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் நோன்பை விட்டுவிட்டு உடனே இனிப்பாக எதையாவது குடிக்க வேண்டும். நோயாளி வேறு நாட்களில் நோன்பை நோற்கும் சலுகை ஸூரதுல் பகராவிலேயே இருக்கிறது. விரல் நுனியில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. றமழானுக்கு ஒரு மாதம் முன்பே வைத்தியரிடம் வந்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். "மயக்கம் வந்தாலும் நோன்ப விட மாட்டன்" என்று உறுதியோடு சொல்லும் எங்கள் பெரியவர்களுக்கு, எந்த மயக்கம் என்று கேட்டு விளங்கப்படுத்துவது பிள்ளைகளான எங்கள் கடமை.

இனிப் படிவத்தில் இருந்த அந்தக் கட்டத்துக்குத் திரும்ப வருகிறோம்.

'பாஸ் அவுட்' என்பதைத் தமிழில் நாங்கள் 'வெளியேறிய' என்று எழுதுகிறோம். இந்தப் பாடசாலையிலிருந்து வெளியேறிய மாணவிகள். இந்தச் சொல்லும் நிற்கும் இடத்தைப் பொறுத்ததுதான். பட்டம் பெற்று வெளியேறுவது பெருமை. வைத்தியசாலையிலிருந்து வெளியேறுவது நிம்மதி. ஆனால் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எங்கள் சமூகத்தவர்கள் வெளியேற்றப்பட்டதைச் சொல்லவும் எங்களிடம் இருப்பது இதே சொல்தான்.

ஆறாம் வகுப்பில் எங்கள் வாங்கில் ஐந்து பேர் இருந்தோம். சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குப் போனது மூன்று பேர். ஒருத்தி பெரிய பிள்ளையானதும் நிறுத்தப்பட்டாள். மற்றவள் உம்மா வெளிநாட்டுக்குப் போனதால் தம்பிமாரைப் பார்க்க நின்றுவிட்டாள். கணக்கில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி அவள். அலுவலகங்கள் இதை 'இடைவிலகல்' என்று எழுதும். அவள் எங்கே விலகினாள்? விலக்கியது வீட்டு நிலைமை.

நூற்றாண்டு விழாவுக்கு அவளை அழைக்கப் போனபோது படிவம் அவளுடைய வீட்டு மேசையில் கிடந்தது. பெயரை அழகாக எழுதியிருந்தாள். முகவரியும் எழுதியிருந்தாள். 'பாஸ் அவுட் ஆன வருடம்' என்ற கட்டத்தில் பேனை நின்றிருந்தது. "நான் பாஸ் அவுட் ஆகல்லியே. அனுப்பலாமா?" என்று கேட்டாள். எங்களுக்கு அந்த வைத்தியசாலைத் துண்டு நினைவுக்கு வந்தது. அன்றும் ஒரு சொல்லைப் பிழையான இடத்தில் எழுதி ஓர் ஆளைத் தவறவிட்டோம். இன்று ஒரு சொல்லை வைத்து எத்தனை பேரைத் தவறவிடப் போகிறோம்?

எங்கள் மூத்த தலைமுறையில் நாலாம் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள் எத்தனையோ பேர். 1945 இல் இலவசக் கல்வி வந்த பிறகும் ஒவ்வொரு வீட்டு வாசலையும் தாண்டி அது பெண்பிள்ளையின் கைக்கு வந்துசேரக் காலம் எடுத்தது. அவர்கள் தங்களுக்குக் கிடைக்காததைத் தங்கள் மகள்மாருக்குக் கிடைக்கச் செய்தார்கள். நெல்லு விற்ற காசிலும் பாய் இழைத்த காசிலும் எங்களுக்குக் கொப்பி வாங்கித் தந்தார்கள். அவர்களும் இந்தப் பாடசாலையின் மாணவிகள்தான்.

ஆகவே சங்கத்தின் நிர்வாகத்தாரிடம் பணிவாக ஒரு வேண்டுகோள். அடுத்த படிவத்தில் அந்தக் கட்டத்தை மாற்றி, 'பாடசாலையில் இருந்த காலம்' என்று போடுங்கள். ஒரு வருடம் இருந்தவரும் எழுதட்டும், பதின்மூன்று வருடம் இருந்தவரும் எழுதட்டும். இரண்டாவதாக, மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் தமிழில் ஒரு சிறிய அட்டையாக அச்சிட்டு ஒவ்வொரு மாணவியின் கையிலும் கொடுப்போம். வீட்டுக்குக் கொண்டுபோகட்டும், மூத்தம்மாவுக்கு வாசித்துக் காட்டட்டும். அச்சுச் செலவை எங்கள் வகுப்பு பொறுப்பேற்கிறது. அமெரிக்க வழக்கில் அதற்கும் 'பாஸ் அவுட்' என்றுதான் பெயர்.

எங்கள் தோழி இன்று வந்திருக்கிறாள். மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வாள். அவளுடைய படிவத்தை நாங்களே கையோடு கொண்டுவந்து செயலாளரிடம் கொடுத்துவிட்டோம். அந்தக் கட்டத்தில் அவள் எழுதியிருப்பது, முதலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை.

எங்களுக்குச் சொல்லைக் கற்றுத்தந்து, சொல்பவரையும் பார்க்கக் கற்றுத்தந்த ஆசிரியைகளுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. அவர்களில் வபாத்தானவர்களின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.